வால்வுக்குச் செலவு செய்யலாமா?

எந்திரமும் நீரும் – 9

அமெரிக்க ஏரிகளில் ஓடும் உல்லாசப் படகுகளின் எஞ்சின் மூடியைத் திறந்தால், அடிக்கடி கண்ணில் படுவது செவர்லே வி8. 1955-இல் காருக்காகப் பிறந்த குடும்பம் அது. அதில் 1967-இல் வந்த 350 கன அங்குல எஞ்சினை, அதாவது 5.7 லிட்டரை, ஜெனரல் மோட்டார்ஸிடம் வாங்கி, படகுக்கு ஏற்ப மாற்றி மெர்குரூசரும் வால்வோ பென்டாவும் விற்றன. கார் பந்தயக்காரர்களுக்காக இந்த எஞ்சினுக்குச் செய்த உதிரிபாகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. ஆசை அங்கேதான் தொடங்குகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் பாகங்களை மாற்றி, ரோலர் ராக்கர், முறுக்கான ஸ்பிரிங், பெரிய கேம் எல்லாம் போட்டால் படகு பறக்காதா?

வேகத்துக்காக என்றால் அந்தச் செலவு வீண். எஞ்சினின் ஆயுளுக்காக என்றால், சில பாகங்களுக்கு மட்டும் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் வேகக் கணக்கு. நீரின் மேல் வழுக்கி ஓடும் படகுக்கு ஜார்ஜ் க்ரவுச் தந்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 1924, 1925 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தங்கக் கோப்பையை வென்ற ‘பேபி பூட்லெக்கர்’ படகை வடிவமைத்தவர் அவர். எடை மாறாவிட்டால், வேகம் குதிரைத்திறனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும் என்பது அதன் சாரம். 300 குதிரைத்திறனில் மணிக்கு 80 கிலோமீட்டர் போகும் படகுக்கு, ராக்கரை மாற்றி இன்னும் 20 குதிரைத்திறன் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். வேகம் 82.6 ஆகும். எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அதுவும் போயிற்று. அதற்குப் பதில் புரொப்பெல்லரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பலன் கையில் தெரியும். அதன் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம், ஓர் அங்குலம் மாறினாலே எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை மாறிவிடும்.

ஆயுள் கணக்கு வேறு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் கார் தன் சக்தியில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. படகுக்கு அந்தச் சலுகை இல்லை. இறக்கமே இல்லாத மலைப்பாதையில் ஏறிக்கொண்டே இருக்கும் லோடு லாரி மாதிரி அது. 4,800 சுழற்சியில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 40 முறை திறந்து மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைப்பது, மூடி இருக்கையில் பதிந்திருக்கும் அந்தக் கண நேரத்தில்தான். ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வ் துள்ளும், பதியும் நேரம் குறையும், விளிம்பு கருகும். தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் போகும், ஹெட்டும் போகும்.

இதோடு துரு. கடல்நீரையோ ஏரிநீரையோ நேரடியாக உள்ளே செலுத்திக் குளிர்விக்கும் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் 60 டிகிரி செல்சியஸிலேயே திறந்துவிடும். உப்புப் படியாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் எஞ்சின் அவ்வளவு குளிர்ச்சியாக ஓடினால் ஆயிலில் ஈரம் தங்கும். குளிர்காலம் முழுக்க ஓடாமல் கிடக்கும் படகில் ஸ்பிரிங் மேல் ஊசிமுனை அளவில் துருக்குழிகள் விழும். கம்பி முறியத் தொடங்குவது அந்தக் குழியிலிருந்துதான். அதனால் நல்ல ஸ்பிரிங்குக்கும், நிக்கல் கலந்த இன்கோனல் உலோகத்தில் செய்த எக்ஸாஸ்ட் வால்வுக்கும் போடும் பணத்தை நான் வீண் என்று சொல்லமாட்டேன். ஸ்பிரிங் அழுத்தம் மட்டும் கேமுக்குப் பொருந்த வேண்டும். தேவைக்கு மேல் முறுக்கானதைப் போட்டால் கேமும் லிஃப்டரும் தேயும்.

ராக்கரைப் பொறுத்தவரை, 5,000 சுழற்சிக்குள் ஓடும் எஞ்சினுக்குக் கம்பெனி ராக்கரே போதும். 1.5 விகிதத்தை 1.6 ஆக்கினால் 11 மில்லிமீட்டர் திறக்கும் வால்வ் 11.7 வரை இறங்கும். 1996-இல் வந்த வோர்டெக் ஹெட்டில் இங்கேதான் வில்லங்கம். 12-ஐ நெருங்கும்போது ஸ்பிரிங் தலையிலுள்ள ரிட்டெய்னர், கைடின் மேலிருக்கும் சீலில் போய் இடிக்கக்கூடும். இடைவெளியை அளக்காமல் மாட்டவே கூடாது.

கேம்தான் பெரிய ஆபத்து. படகின் எக்ஸாஸ்ட் குழாய்க்குள் குளிர்விக்கும் நீரும் சேர்ந்தே வெளியேறுகிறது. பந்தயக் கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அதிகம். ஐட்லிங்கில் அந்த இடைவெளி வழியே புகை பின்வாங்கும். கூடவே நீரையும் இழுத்து வரும். வால்வ் துருப்பிடிக்கும். சிலிண்டரில் நீர் நிறைந்துவிட்டால் கனெக்டிங் ராடே வளையும். படகுக்கென்று அரைக்கும் கேம்களில் இரு முகடுகளுக்கும் இடையே பொதுவாக 112, 114 டிகிரி விலக்கம் வைப்பது இதனால்தான். கரையில் நிற்கும்போது வரும் அந்தக் குடுகுடு சத்தத்துக்கு ஆசைப்பட்டு எஞ்சினைப் பலி கொடுக்காதீர்கள்.

ஏதோ ஒரு காரணத்துக்காக ஹெட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங், எக்ஸாஸ்ட் வால்வ், சீல் மூன்றையும் நல்ல தரத்தில் மாற்றிவிடுங்கள். நன்றாக ஓடுகிற எஞ்சினை இதற்காகவே பிரிக்க வேண்டாம்.

(அடுத்த வாரம்: எக்ஸாஸ்ட் ரைசரை எப்போது மாற்றுவது?)