வாஷிங்டன் வெட்டாத செர்ரி மரம்... அமெரிக்கத் தலைவர்களின் வாழ்க்கைக் கதைகளை எவ்வளவு நம்பலாம்?

சின்னப் பையனாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன், கையில் கிடைத்த கோடரியால் அப்பா ஆசையாக வளர்த்த செர்ரி மரத்தை வெட்டிவிட்டார். அப்பா கேட்டதும், நான்தான் வெட்டினேன் என்று உண்மையை ஒப்புக்கொண்டார். அப்பா மகனைக் கட்டியணைத்துக்கொண்டார். இந்தக் கதையை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். பொய் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் இந்தக் கதைக்கு ஆதாரமே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது 1776 ஜூலை 4. 2026-ல் அதற்கு 250 வயது. வாஷிங்டன், தாமஸ் ஜெஃபர்சன், ஜான் ஆடம்ஸ், அலெக்சாண்டர் ஹாமில்டன், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என அந்த நாட்டை உருவாக்கிய தலைவர்களைப் பற்றி அங்கே வந்த புத்தகங்களுக்குக் கணக்கே இல்லை. அதில் எதை நம்பலாம், எதைக் கொஞ்சம் உஷாராகப் படிக்கணும்?

செர்ரி மரம் எங்கிருந்து வந்தது?

வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பர் 14. அடுத்த சில வாரங்களிலேயே மேசன் லாக் வீம்ஸ் என்பவர் தன் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வாஷிங்டன் போய்விட்டார், அவரைப் பற்றிப் படிக்க ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறார்கள், புத்தகம் போட்டால் நல்ல காசு பார்க்கலாம் என்பதுதான் அதன் சாரம். வீம்ஸ் ஒரு பாதிரியார். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் விற்றவரும்கூட. எது விற்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

1800-ல் புத்தகம் வந்தது. ஆனால் அதில் செர்ரி மரம் இல்லை! 1806-ல் வந்த பதிப்பில்தான் கதை சேர்க்கப்பட்டது. சொன்னது யார் என்றால், குடும்பத்துக்குத் தூரத்து உறவான ஒரு வயதான பெண்மணி என்கிறார் வீம்ஸ். பெயர் கிடையாது. வாஷிங்டனின் கடிதங்களிலோ டைரிகளிலோ இந்தச் சம்பவம் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாஷிங்டன் வசித்த மவுண்ட் வெர்னான் பகுதித் திருச்சபையின் முன்னாள் போதகர் என்று புத்தகத்தின் முகப்பில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார் வீம்ஸ். அந்தப் பெயரில் ஒரு திருச்சபையே இருந்ததில்லை.

இன்னொரு கூத்து. வீம்ஸ் எழுதிய கதையிலேயே மரம் வெட்டிச் சாய்க்கப்படவில்லை. பட்டை பலமாக வெட்டுப்பட்டு, மரம் தேறாமல் போனது என்பதோடு சரி. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கப் பள்ளிகளில் கோடிக்கணக்கில் விற்ற மெக்கஃபி பாடப் புத்தகங்கள் வழியாகக் கதை பரவியது. பரவப் பரவ மரமும் சாய்ந்துவிட்டது.

இது வெறும் மரத்தோடு போகும் விஷயமா?

மரத்துக்கு நடந்தது யாரையும் பாதிக்கவில்லை. சாலி ஹெமிங்ஸுக்கு நடந்தது அப்படி இல்லை.

சாலி ஹெமிங்ஸ், ஜெஃபர்சனின் மான்டிசெலோ பண்ணை வீட்டில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த பெண். சாலியின் குழந்தைகளுக்கு ஜெஃபர்சன்தான் தந்தை என்று 1802-லேயே ஜேம்ஸ் காலெண்டர் என்ற பத்திரிகையாளர் எழுதினார். அப்போது ஜெஃபர்சன் நாட்டின் அதிபர். காலெண்டர் அவர் மீது கோபத்தில் இருந்தவர். அதனால் அதை வதந்தி என்று ஒதுக்குவது சுலபமாக இருந்தது. 1873-ல் சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ், ஓஹியோ மாநிலப் பத்திரிகை ஒன்றில் தன் குடும்ப வரலாற்றைச் சொன்னார். தன் தந்தை ஜெஃபர்சன்தான் என்று நேரடியாகவே சொன்னார்.

வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? மேடிசன் சொன்னதை ஏற்கவில்லை. ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் தந்தை ஜெஃபர்சன் இல்லை, அவருடைய சகோதரியின் மகன்களான கார் சகோதரர்கள் என்பது பேரப்பிள்ளைகளின் வாதம். இத்தனைக்கும் ஒருவர் பீட்டர் கார் என்றார், இன்னொருவர் சாமுவேல் கார் என்றார்.

இங்கே கவனிக்க வேண்டிய பெயர் டூமாஸ் மலோன். ஜெஃபர்சனைப் பற்றி 1948-லிருந்து 1981 வரை 6 தொகுதிகள் எழுதியவர். 1975-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். அவரும் ஹெமிங்ஸ் விவகாரத்தை நம்பவில்லை. ஆனால் ஜெஃபர்சன் எந்தெந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்று மலோன் தயாரித்த கால அட்டவணை ஒன்று உண்டு. சாலிக்குக் குழந்தைகள் பிறந்த தேதிகளிலிருந்து ஒன்பது மாதம் பின்னால் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஜெஃபர்சன் மான்டிசெலோவில்தான் இருந்திருக்கிறார். மறுத்தவரின் உழைப்பே எதிர்த்தரப்புக்குச் சாட்சி!

1974-ல் ஃபான் பிராடி என்ற பெண் எழுத்தாளர், இந்த உறவு உண்மை என்று வாதிட்டு ஜெஃபர்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். புத்தகம் அமோகமாக விற்றது. வரலாற்று அறிஞர்கள் பலர் கேலி செய்தார்கள். 1997-ல் சட்டப் பேராசிரியர் ஆனெட் கார்டன்-ரீட் வேறொரு வழியில் வந்தார். ஜெஃபர்சன் தந்தையா இல்லையா என்பதைவிட, வரலாற்று ஆசிரியர்கள் சாட்சியங்களை எப்படி எடைபோட்டார்கள் என்பதையே அவர் விசாரித்தார். வெள்ளையர் குடும்பம் சொன்னால் அது சாட்சி, அடிமையாக இருந்தவர் சொன்னால் வதந்தி. இது என்ன நியாயம் என்பதுதான் அவருடைய கேள்வி.

அடுத்த வருஷமே, 1998-ல், டிஎன்ஏ பரிசோதனை முடிவு 'நேச்சர்' இதழில் வந்தது. ஜெஃபர்சனுக்கு மனைவி வழியில் ஆண் வாரிசு நிலைக்கவில்லை. அதனால் அவருடைய பெரிய குடும்பத்தின் ஆண் வழி வாரிசுகளின் மாதிரி எடுக்கப்பட்டது. சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வாரிசோடு அது பொருந்தியது. கார் சகோதரர்கள் வழி மாதிரி பொருந்தவில்லை. ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்பது வரைதான் டிஎன்ஏ சொல்லும். மற்ற ஆதாரங்களையும் சேர்த்துப் பார்த்து, மான்டிசெலோவை நிர்வகிக்கும் அறக்கட்டளை 2000-ம் ஆண்டில், தந்தை ஜெஃபர்சனாகவே இருக்க அதிக வாய்ப்பு என்று அறிவித்தது. ஏற்காத அறிஞர்கள் சிலர் இன்னமும் உண்டு. ஆனால் பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மேடிசன் ஹெமிங்ஸ் பேசியது 1873-ல். பரிசோதனை வந்தது 1998-ல். நடுவில் 125 ஆண்டுகள். ஆக, ஜெஃபர்சன் பற்றிய புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த வருஷம் அச்சானது என்பதை.

மூன்று புள்ளிகளுக்குள் என்ன இருந்தது?

2012-ல் டேவிட் பார்ட்டன் என்பவர் ஜெஃபர்சன் பற்றி எழுதிய புத்தகம் விற்பனைப் பட்டியலில் இடம்பிடித்தது. ஜெஃபர்சன் தன் அடிமைகளை விடுதலை செய்ய விரும்பினாலும் வர்ஜீனியா சட்டம் அனுமதிக்கவில்லை என்பது அதில் ஒரு முக்கிய வாதம். 1782-ம் ஆண்டுச் சட்டத்தையும் மேற்கோள் காட்டியிருந்தார். உயில் மூலம் விடுதலை செய்யலாம் என்று அந்த மேற்கோளில் இருந்தது. நடுவே மூன்று புள்ளிகள்.

அசல் சட்டத்தை எடுத்துப் படித்தால், உயில் மூலமாகவோ வேறு எழுத்துப்பூர்வமான ஆவணம் மூலமாகவோ விடுதலை செய்யலாம் என்று இருக்கிறது. அந்த 'வேறு ஆவணம்' புள்ளிகளுக்குள் காணாமல் போயிருந்தது. அதே வர்ஜீனியாவில் ராபர்ட் கார்ட்டர் என்ற பெரும் பண்ணையார் 1791-ல் தொடங்கி சுமார் 500 பேரை விடுவித்தார். ஜெஃபர்சனே 1790-களில் சாலியின் அண்ணன்கள் ராபர்ட், ஜேம்ஸ் இருவரையும் விடுவித்திருக்கிறார். சட்டம் தடுத்தது என்றால் இது எப்படி நடந்திருக்கும்? வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தவர், உயிரோடு இருந்தபோது விடுவித்தது இருவரை, உயிலில் ஐவரை.

தவற்றைச் சுட்டிக்காட்டியவர்கள் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர்கள் இருவர். பார்ட்டனின் வாசகர்களும் பெரும்பாலும் பழமைவாதக் கிறிஸ்தவர்கள்தான். அதனால் இதை 'எதிர்க்கட்சி' விமர்சனம் என்று தள்ள முடியவில்லை. 2012 ஆகஸ்டில் பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. 2016-ல் வேறொரு பதிப்பகம் அதை மறுபடி வெளியிட்டது. இன்றும் கிடைக்கிறது.

ஹாமில்டன் நாடகம் பார்த்தால் போதுமா?

ரான் செர்னோ 2004-ல் எழுதிய ஹாமில்டன் வாழ்க்கை வரலாறு ஆதாரக் குறிப்புகளோடு எழுதப்பட்ட கனமான புத்தகம். அதைப் படித்துத்தான் லின்-மானுவல் மிராண்டா 2015-ல் பிராட்வேயில் சக்கைப்போடு போட்ட இசை நாடகத்தை எழுதினார். நாடகத்தில் ஹாமில்டனின் மைத்துனி ஏஞ்சலிகா, தங்கைக்காகத் தன் காதலை விட்டுக்கொடுக்கிறார். நிஜத்தில் ஹாமில்டன் அந்தக் குடும்பத்துக்குள் வந்தபோது ஏஞ்சலிகாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. நாடகம் நாடகம்தான், விட்டுவிடலாம்.

புத்தகத்தின் மீதே கேள்வி வந்தது 2020-ல். அடிமை முறையை உறுதியாக எதிர்த்தவர் என்று செர்னோ காட்டிய ஹாமில்டன், தானே அடிமைகளை வாங்கியிருக்கிறார் என்று ஜெஸ்ஸி செர்ஃபிலிப்பி என்ற ஆய்வாளர் எழுதினார். ஹாமில்டனின் மாமனார் வீடான ஸ்கைலர் மாளிகை நினைவிடத்தில் பணிபுரிந்தவர் அவர். ஆதாரம், ஹாமில்டன் தன் கைப்பட எழுதிய வரவு செலவுக் கணக்கு. அடிமை விடுதலைக்கான நியூயார்க் சங்கத்தில் ஹாமில்டன் உறுப்பினராக இருந்ததையும் பார்க்க வேண்டும், இது ஒருதலைப்பட்சம் என்பது செர்னோவின் பதில். விவாதம் முடியவில்லை. இங்கே இரண்டு தரப்பும் காகிதத்தைக் காட்டிப் பேசுகின்றன. நம்பகமான புத்தகத்துக்கும் வீம்ஸுக்கும் வித்தியாசம் அதுதான்: தவறு இருந்தாலும் தேடிப்போய்க் கண்டுபிடிக்க வழி இருக்கும்.

சாதாரண வாசகர் எப்படிச் செக் பண்ணுவது?

முதல் பக்கத்தை விடுங்கள், கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். எந்தத் தகவல் எந்தக் கடிதத்திலிருந்து வந்தது என்று குறிப்பு இருக்கிறதா பாருங்கள். கணவன் மனைவி தனியாகப் பேசிய வசனங்கள் பக்கம் பக்கமாக வந்தால் உஷார். வாஷிங்டன் இறந்த பிறகு, தங்கள் இருவருக்கும் இடையிலான கடிதங்களை மார்த்தா எரித்துவிட்டார். மிஞ்சியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஜெஃபர்சனும் அவர் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் எதுவுமே இன்று இல்லை. அப்புறம் அந்த வசனம் எங்கிருந்து வரும்?

மேற்கோள்களைச் சரிபார்க்க வீட்டிலிருந்தே முடியும். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2013-ல் தொடங்கிய 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் இந்தத் தலைவர்களின் 1,80,000-க்கும் அதிகமான ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. போனிலேயே தேடலாம். ஜெஃபர்சன் பெயரில் சுற்றும் போலிப் பொன்மொழிகளுக்கு மான்டிசெலோ இணையதளம் தனிப் பட்டியலே வைத்திருக்கிறது.

பழைய புத்தகத்தில் அச்சான கடிதம் என்றால் அசல்தானே என்று நினைக்க வேண்டாம். 1830-களில் வாஷிங்டனின் கடிதங்களைத் தொகுத்த ஜேரட் ஸ்பார்க்ஸ், தலைவரின் மொழி கம்பீரமாக இல்லையே என்று பல இடங்களில் திருத்திவிட்டார். ஒரு தொகையை 'தெள்ளுப்பூச்சிக் கடி' அளவு என்று வாஷிங்டன் கிண்டலாக எழுதியிருக்க, ஸ்பார்க்ஸ் அதை நம் தேவைக்குப் போதவே போதாது என்கிற மாதிரி மாற்றி அச்சிட்டார்.

சந்தேகப்படுவதற்கும் அளவு உண்டு. ஃபிராங்க்ளின் 1752-ல் பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தது முழுக்கக் கட்டுக்கதை என்று ஒரு புத்தகம் வாதிட்டது. பத்திரிகையில் ஃபிராங்க்ளின் சோதனையைச் செய்யும் முறையைத்தான் எழுதினார், தானே செய்ததாக அதில் சொல்லவில்லை என்பது நிஜம். ஆனால் அவருடைய நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லி 1767-ல் விவரமாக எழுதியிருக்கிறார். அதனால் சோதனை நடந்தது என்றே பெரும்பாலானவர்கள் ஏற்கிறார்கள். பட்டத்தை மின்னல் தாக்கியதாகக் காட்டும் படங்கள்தான் தப்பு.

வாஷிங்டனின் மரப்பல் கதையும் இதே ரகம். பல் செட் உண்டு, மரத்தில் செய்தது இல்லை. தந்தம், உலோகம், மாட்டுப் பல், மனிதப் பல் எல்லாம் கலந்து செய்தவை. மனிதப் பல்லா, யாருடையது? மவுண்ட் வெர்னான் கணக்குப் புத்தகத்தில் 1784 மே மாதம் ஒரு வரி இருக்கிறது. கறுப்பினத்தவர்களிடமிருந்து வாங்கிய 9 பற்களுக்காக, பல் மருத்துவர் ஒருவரின் கணக்கில் கொடுத்தது 6 பவுண்டு 2 ஷில்லிங். கொடுத்தவர்களின் பெயர் எழுதப்படவில்லை.