தட்டுத் தொட்டியில் வெட்சிக் குறுமரம்

வெட்சி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாய் வளரும் பசுமை மாறாப் பூஞ்செடியாகும். இட்லிப்பூ, விருட்சி என்னும் பெயர்களும் இதற்குண்டு. பண்டை நாளில் பகைவரின் ஆநிரை கவரச் சென்ற வீரர் சூடிய பூ இதுவே. அப்போர் முறைக்குத் தொல்காப்பியம் வெட்சித்திணை என இதன் பெயரையே வழங்குகின்றது. தண்டு கெட்டியாயும் இலை சிறிதாயும் இருத்தலின், இச்செடி ஆழமற்ற தொட்டியில் குறுமரமாய் வளர்க்கத் தக்கது. இம்முறையை ஜப்பானியர் பொன்சாய் என்பர். செடியைப் பட்டினியிட்டுக் குறுக்குவதே இம்முறை என்று கருதுதல் தவறு. வேரையும் கிளையையும் அளவறிந்து கத்தரித்து, நீரும் எருவும் குறைவற அளித்தலே இதன் மர்மமாகும்.

செடி சேகரித்தல்: மழைக்காலத்தில் பெருவிரற் பருமனுள்ள கிளையில் 1 அங்குல அகலம் பட்டையை வளையமாய் நீக்கி, ஈரப்பாசி வைத்துக் கட்டிப் பதியமிடலாம். வேர் நன்கு இறங்கிய பின்னரே கிளையை வெட்டி எடுத்தல் வேண்டும். காப்புக் காடுகளில் அனுமதியின்றிச் செடி தோண்டுதல் சட்டப்படி குற்றமாகும்.

மண்: செம்மண், ஆற்றுமணல், நன்கு மட்கிய இலையெரு ஆகியவற்றைச் சம பாகமாய்க் கலந்து கொள்க. சுண்ணாம்புச் சத்துள்ள மண் உதவாது. தொட்டியின் அடியில் நீர் வடியும் துவாரங்கள் அவசியம்.

கவாத்து: பூங்கொத்து புதுத் துளிரின் நுனியிலேயே தோன்றும். ஆதலால் ஓயாமல் நுனி கிள்ளப்படும் செடி பூக்காது. பூ உதிர்ந்தவுடன் கத்தரித்து, பின் வரும் துளிர்களை முற்ற விடுதல் நலம். முற்றிய கிளை எளிதில் ஒடியுமாதலால், இளங்கிளைகளுக்கே கம்பி சுற்றி வளைத்தல் வேண்டும்; பட்டையில் கம்பி பதியுமுன் அதை அகற்றிவிடுக. 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழை தொடங்குங்கால், வேரில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேற்படாமல் நீக்கி, புதுமண்ணில் நட்டு, சில வாரங்கள் நிழலில் வைக்க வேண்டும். பின்னர் நல்ல வெயிலில் வைத்தாலன்றிப் பூ மிகாது.

இலை மஞ்சளாதல்: செடிகள் வீணாவது பெரும்பாலும் இதனாலேயே. முதிர்ந்த இலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவெனக் கொள்ளலாம். அதற்கு எரு இடலாம். நரம்பு பச்சையாயிருக்க இளந்துளிர் மட்டும் மஞ்சளானால் அது இரும்புச் சத்தின் குறைவு. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்றுநீரைத் தொடர்ந்து ஊற்றுவதால், மண்ணிலுள்ள இரும்பை வேர் ஏற்க இயலாது போகின்றது. இதற்கு எருவை மேலும் மேலும் இடுதல் வேரைக் கருக்குமேயன்றிப் பயன்தராது. 1 லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, மாலையில் இலைமேல் தெளிப்பின் துளிர் பச்சையாகும். மழைநீரைச் சேமித்து ஊற்றுதலே நிலையான பரிகாரம்.

தோட்டத்துச் செடி வேரை ஆழமாய் இறக்கி நீர் தேடிக்கொள்ளும். தட்டிலுள்ள செடிக்கு அவ்வழியில்லை. கோடையில் ஒரு நாள் நீர் தவறினும், பல்லாண்டு வளர்த்த மரம் பட்டுப்போகக் கூடும். வெளியூர் செல்வோர் பொறுப்புள்ள ஒருவரிடம் அதனை ஒப்புவித்துச் செல்லுதல் வேண்டும்.