ஒரு வீட்டில் மூன்று வலைகள்

என்னுடைய இப்பேச்சு உங்களை வந்தடைவது வானலைகளின் வழியாக. உங்கள் வீட்டுக் கூடத்திலும், சுவரோரமாக, இரண்டு மூன்று கொம்புகளை நீட்டிக்கொண்டு ஒரு சிறு பெட்டி இருக்கிறதல்லவா? ரவுட்டர் என்று அதனை அழைக்கிறோம். அதுவும் ஒரு வானொலி நிலையந்தான். வானொலி நிலையம் பேசும், நேயர்கள் கேட்பார்கள். அந்தப் பெட்டியோ பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். கைபேசி, கணினி, தொலைக்காட்சி ஆகிய ஒவ்வொன்றோடும் முறைவைத்து உரையாடும். இவ்வுரையாடலுக்கே வைஃபை என்று பெயர்.

அதன் அலைகள் மிகக் குறுகியவை. 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையின் நீளம் ஏறக்குறைய 12 செண்டிமீட்டர். 5,000 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய மற்றொரு வரிசையில் அது 6 செண்டிமீட்டருக்கும் குறைவு. முதல் வரிசை சற்று மெதுவானது. ஆனால் சுவரைத் துளைத்துச் செல்வதில் கெட்டிக்காரன். இரண்டாவது விரைவானது; சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லுமாகத் தடித்த சுவர் எழுப்பிய நம் புதுச்சேரிப் பழைய வீடுகளில் குடியிருப்போர்க்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வீடுகளைப் பற்றியே இன்னும் சிறிது சொல்ல வேண்டும். கால்வாய்க்கு மேற்கே, வைசியாள் வீதி போன்ற தெருக்களில் நடந்து பாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அதனையடுத்துத் திண்ணை, பிறகு வாயிற்கதவு, உள்ளே நடை, முற்றம், கூடம், கடைசியில் சமையற்கட்டு. மழைக்கு ஒதுங்கும் வழிப்போக்கனுக்குத் தாழ்வாரம் உண்டு. கணக்கு வழக்குப் பேச வந்தவர் திண்ணையில் அமர்வார். உறவினர் கூடம் வரை வருவர். ஒருவரை இங்கே அமர்த்தினோமே என்று அவரும் வருந்துவதில்லை, நாமும் வருந்துவதில்லை.

இத்துணை நுட்பமாக வீடு கட்டிய நாம், வைஃபை என்று வந்தவுடன் எல்லோரையும் நேரே சமையற்கட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறோம். ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். தந்தையார் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி அதில். மகள் கல்லூரிப் பாடம் படிக்கும் மடிக்கணினி அதில். வாசற்கதவின் மேல் மாட்டிய காமிராவும் அதில். கூடத்துத் தொலைக்காட்சியும் அதில். கோடை விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வந்திறங்கும் உறவினரின் கைபேசிகளும் அதிலேதான். மாடி அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் குடும்பங்களில், வாரந்தோறும் மாறும் முன்பின் அறியாதவர்களும் அதே வலைக்குள் வந்து சேர்கிறார்கள்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். ஒரே வலையில் உள்ள கருவிகள் பொதுவாக ஒன்றையொன்று காண இயலும். ஒன்றின் கதவை மற்றொன்று தட்ட இயலும். ரவுட்டர் ஒரு வாயிற்காவலன். வெளியுலகிலிருந்து அழையாமல் வருவோரைத் தடுக்கும். உள்ளே இருப்போர் தமக்குள் என்ன செய்கின்றனர் என்பதைப் பெரும்பாலும் அது கவனிப்பதில்லை.

உள்ளே இருப்பவற்றுள் மிக எளியவன் யார் தெரியுமா? மலிவு விலைக் காமிராதான். 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல் ஒன்று உலகெங்கும் பரவிற்று. அது செய்த தந்திரம் சிறிது. தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் இவற்றுள் சுமார் 60 இணைகளை வைத்துக்கொண்டு, இணையத்தில் திறந்து கிடந்த காமிராக்களையும் ரவுட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. வாங்கியவர்கள் மாற்றாமல் விட்டிருந்ததால் இலட்சக்கணக்கானவை திறந்துகொண்டன. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அத்தகைய கருவிப் படை ஒன்று அமெரிக்காவின் டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கியது. இணையத் தளங்களின் பெயர்களுக்கு முகவரி காட்டும் நிறுவனம் அது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பலரால் மணிக்கணக்கில் அணுக முடியவில்லை. மிராயை முதலில் எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். 2017 டிசம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்ட செய்தி வெளியாயிற்று. கணினி விளையாட்டுத் தொழிலில் எழுந்த போட்டியே அதற்கு வித்து.

காமிரா கெட்டால் காமிராவோடு போகட்டும் என்று இருக்க முடியாது. பிறர் வசப்பட்ட கருவி, தன் வலையிலுள்ள மற்றக் கருவிகளைத் தேடலாம். வங்கிக்குச் செல்லும் செய்தி பூட்டித்தான் செல்கிறது. அதனை வழியில் படிப்பது எளிதன்று. ஆனால் நெடுநாள் புதுப்பிக்கப்படாத கணினியும், எல்லோருக்கும் திறந்து வைத்த கோப்புப் பெட்டியும் அந்தக் காமிராவுக்கு அண்டை வீடுகள் ஆகிவிடுகின்றன.

ஆகவே மூன்று வலைகள் வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, வீட்டாரின் கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும், இரண்டாவது, காமிரா, தொலைக்காட்சி, மின்விளக்கு முதலிய பொருள்களுக்கு, மூன்றாவது, விருந்தினர்க்கு. இதற்கு மூன்று இணைப்புகள் வாங்க வேண்டியதில்லை. இன்று விற்கும் ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தினர் வலை என்னும் வசதி அமைந்திருக்கிறது. அதனைத் திறந்து, அதில் சேர்வோர் உள்வலையைக் காணக்கூடாது என்று அமைத்தால் போதும். மூன்றாவதற்கு வழியில்லையாயின், பொருள்களையும் விருந்தினரையும் ஒரே திண்ணையில் அமர்த்துங்கள். சமையற்கட்டு தனித்திருந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது.

இங்கே பலரும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. ரவுட்டர் இரண்டு பெயர்களைக் காட்டும். ஒன்றின் வாலில் 5ஜி என்றிருக்கும். இரண்டு வலைகள் இருக்கின்றனவே என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். அவை இரண்டு அலைவரிசைகளே. பெயர் இரண்டாயினும் கூடம் ஒன்றே.

சிலர் பழைய ரவுட்டர் ஒன்றைத் தேடியெடுத்து, நிறுவனம் தந்த ரவுட்டரின் பின்னால் கம்பியால் இணைத்து இரண்டாவது வலை உண்டாக்குவர். நல்ல முறைதான். எதனை எங்கே வைப்பது என்பதில்தான் கருத்து வேண்டும். விருந்தினரைப் புதிய, உட்பக்க ரவுட்டரில் வைத்தால் பிரிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அவர்கள் வெளியே செல்லும் வழி உங்கள் முதல் வலையின் ஊடாகவே அமைகிறது. போகிற போக்கில் அங்குள்ள கருவிகளின் கதவைத் தட்ட முடியும். மாறாக, வீட்டாரின் கருவிகளை உட்பக்க ரவுட்டரின் பின்னே வைத்து, விருந்தினரையும் காமிராவையும் முன்பக்கத்தில் விட்டால், முன்னிருப்போர் அழையாமல் உள்ளே வர இயலாது. சமையற்கட்டு கடைசியில்தான் இருக்க வேண்டும்.

பிரித்தலுக்கு ஒரு விலையும் உண்டு. கைபேசியில் ஓடும் படத்தைத் தொலைக்காட்சியில் காட்ட முயன்றால், இரண்டும் வேறு வேறு வலையில் இருப்பதால் ஒன்றுக்கொன்று தெரியாது. அச்சுப்பொறிக்கும் இதே கதி. என் வீட்டில் அச்சுப்பொறி வீட்டார் வலையில் இருக்கிறது. தொலைக்காட்சி பொருள் வலையில் இருக்கிறது. பேரன் படம் காட்ட விரும்பினால் அவ்வேளைக்கு மட்டும் கைபேசியை அங்கே மாற்றிக்கொள்கிறான். முணுமுணுத்துக்கொண்டே மாற்றுகிறான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கென நான்காவது வலை அமைத்து, இரவு பத்து மணிக்குத் தானே அணையும்படி செய்யலாமே என்று பெற்றோர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. செய்யலாம். ஆயினும் கைபேசியில் தனி இணைப்பு இருக்கும்போது அது எத்தனை நாள் செல்லும்? மேலும், ஒவ்வொரு வலையும் தன் பெயரை நொடிக்கு ஏறக்குறைய 10 முறை கூவிக்கொண்டேயிருக்கும். எல்லா வலைகளும் பகிர்ந்துகொள்வது ஒரே வானவெளியை. வலை பெருகினால் விரைவு பெருகாது, சிறிது குறையவே செய்யும்.

விருந்தினர் வலை செய்ய முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் தடம், நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டு இணைப்பில் போய் முடிந்தது. அவர் அதனை அனுப்பவில்லை. அவருடைய வைஃபையைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர். எனினும் விசாரணை அவர் வாயிலுக்குத்தான் வந்தது. வீட்டுக்குள் எத்தனை வலை பிரித்தாலும், வெளியுலகுக்குப் பெரும்பாலும் அவ்வளவும் ஒரே முகவரி. ஆதலால் திண்ணைக்கும் பூட்டு வேண்டும். விருந்தினர் வலைக்கும் நீண்ட கடவுச்சொல் வையுங்கள், டபிள்யூ.பி.ஏ.2 அல்லது அதற்குப் பிந்திய டபிள்யூ.பி.ஏ.3 காப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். அறையை வாடகைக்கு விடுவோர், தங்கியவர் சென்றதும் அக்கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

அமைத்து முடித்தபின் ஒரு சோதனை செய்து பாருங்கள், மாணவர்களே. கைபேசியை விருந்தினர் வலையில் சேர்த்து, அதன் தனி இணைப்பை அணைத்துவிடுங்கள். இணையத் தளம் ஒன்றைத் திறந்தால் திறக்க வேண்டும். பிறகு வீட்டு அச்சுப்பொறியில் ஒரு பக்கம் அச்சிட முயலுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தையும் திறக்க முயலுங்கள். பல ரவுட்டர்களில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது அதன் எண். அச்சுப்பொறி தென்படாமல், அப்பக்கமும் திறவாமல் இருந்தால் வலைகள் பிரிந்துவிட்டன.