பற்றைக்கு எது ஊர்?

வன்னி ஒழுங்கைகளில் நாயுண்ணி பூத்துக் கிடப்பதைப் பார்க்கிற பிள்ளை அதை ஊர்ப் பற்றை என்றுதான் நினைக்கும். அதுவோ அமெரிக்க வெப்பமண்டலச் செடி. 1826இல் அழகுக்கென்று இலங்கையின் தாவரவியற் பூங்காவுக்கு வந்து, வேலி தாண்டிக் காடேறியது. வந்த ஆண்டு எழுத்தில் இருப்பதால் இதில் வழக்கில்லை. எழுத்தில் இல்லாத செடிக்கு யாரைச் சாட்சி கேட்பது?

கலாபகஸ் தீவுகளில் சேற்றைக் கேட்டார்கள். அங்கே மஞ்சள் பூப்பூக்கும் செம்பருத்தி இனப் பற்றை ஒன்றை, மனிதரோடு வந்த களை என்றே கருதியிருந்தனர். மலைச் சதுப்பைத் துளையிட்டு எடுத்த சேற்றில் அதன் மகரந்தம், மனிதர் கால்வைப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்திய அடுக்குகளிலேயே கிடந்தது. அதோடு சேர்த்து ஆறு செடிகள் தீவின் சொந்தப் பிள்ளைகள் என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. களையென்று பிடுங்கியிருந்தால் எவ்வளவு பெரிய பிழை!

வன்னிக் குளங்களில் இது எளிதல்ல. காற்றுப் புகாத ஈரச் சேற்றில்தான் மகரந்தம் நிலைக்கும். கோடையில் வற்றி வெடிக்கிற குளத்தில் அது சிதைந்துபோகும். பூச்சியை நம்பிப் பூக்கிற பற்றைகள் மகரந்தத்தைச் சிந்துவதும் குறைவு. அதனால் சேற்றில் காணவில்லை என்பதற்காக ஒரு செடியை வந்தேறி என்று சொல்லிவிட முடியாது.

அடுப்புக்கரி அப்படியல்ல. கரியை நுண்ணுயிர்கள் எளிதில் தின்னா. அகழ்ந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கரி மேலே மிதக்கும், அரித்து எடுக்கலாம். வன்னியின் மேற்கு ஓரத்தில், திருக்கேதீச்சரத்தை அடுத்த பழைய துறைமுகமான மாந்தையில் 1984இல் போரால் நின்ற அகழ்வு 2009-10இல் மீண்டும் நடந்தது. அப்படிக் கரைத்து அரித்த மண் நெல்லையும் மிளகையும் தந்தது, கி.பி. 900-1100 காலத்து ஒற்றைக் கராம்பையும் தந்தது. கராம்பின் தாயகம் கிழக்கே மலுக்குத் தீவுகள். மாந்தையில் கிடந்ததால் அது மாந்தையில் முளைத்ததாகாது. கப்பலில் வந்த சரக்கு.

ஆகவே பற்றையின் ஊரைத் தேடுகிறவருக்குக் களஞ்சியத்து மணியைவிட அடுப்பின் கரியே நல்ல சாட்சி என்பேன். கராம்பைக் கடல் தாண்டி வாங்குவார்கள், சுள்ளிக்கு யாரும் தூரம் போகார். கரித்துண்டை ஒடித்து நுணுக்குக்காட்டியில் வைத்தால், மரத்தின் நீர்க்குழாய்கள் அமைந்திருக்கும் விதம் இனத்தைக் காட்டும். ஒப்பிட மாதிரி வேண்டுமே. இன்றைய சூரையையும் காரையையும் ஆவரசையும் வன்னிக் காட்டிலேயே வெட்டி, சுட்டுக் கரியாக்கி, பெயரெழுதி அடுக்கி வைக்கவேண்டும்.