பாலைப் பாதையில் ஓர் ஆன்டெனா

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைகளிலும் செம்மண் பாதைகளிலும் ஓடும் நான்கு சக்கர இயக்க வாகனங்கள் பலவற்றின் முன்புறக் காப்புச் சட்டத்தில், அதாவது புல்பாரில், ஒரு முழத்திலிருந்து ஓராள் உயரம் வரை நீளமுள்ள தடி ஒன்று நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். செல்பேசிக் கோபுரங்களே இல்லாத அந்நிலப்பரப்பில், உடன் வரும் வண்டியோடும் எதிரே வரும் சரக்கு லாரியோடும் பேச உதவும் யு.எச்.எஃப். சி.பி. வானொலியின் ஆன்டெனா அது. 1977ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசு பொதுமக்கள் வானொலிக்கு அனுமதி அளித்தபோது 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியோடு 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியையும் ஒதுக்கியது. 40 சேனல்களோடு தொடங்கிய இந்த இரண்டாம் பகுதி, சேனலுக்குச் சேனல் விடப்பட்ட இடைவெளி பாதியாகக் குறைக்கப்பட்டதால் 2011 முதல் 80 சேனல்களாக விரிந்தது. நெடுஞ்சாலை லாரிகளுக்கு 40, பாலைப் பயணிகளுக்கு 10 என்பது வழக்கத்தால் அமைந்த ஏற்பாடு. அவசர உதவிக்கு 5, 35 ஆகியவை சட்டத்தால் ஒதுக்கப்பட்டவை.

இச்சேவையைப் பயன்படுத்தத் தனிநபர் உரிமம் எதுவும் பெற வேண்டியதில்லை என்றாலும், ஒலிபரப்பும் திறன் 5 வாட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு எல்லாருக்கும் உண்டு. விலை உயர்ந்த கருவியும் மலிவான கருவியும் இந்த ஒரே வரம்புக்குள் அடங்குவதால், கருவிக்குச் செலவிடும் கூடுதல் பணம் பேச்சு எட்டும் தூரத்தை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. அத்தூரத்தைத் தீர்மானிப்பவை ஆன்டெனாவும், அது நிற்கும் இடமும், அதற்குச் செல்லும் கேபிளுமே. ஆயினும் வாங்குவோர் பலர் கருவியைப் பல நாள் ஆராய்ந்து தேர்ந்துவிட்டு, ஆன்டெனாவைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கிச் செல்கின்றனர்.

477 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 63 சென்டிமீட்டர். அதில் கால் பங்கான 16 சென்டிமீட்டர்க் கம்பியே, போதிய உலோகப் பரப்பின் நடுவில் நிறுத்தப்பட்டால், ஒழுங்காக வேலை செய்யும் ஆன்டெனாவாகிவிடும். அவ்வாறாயின் ஒன்றரை மீட்டர்த் தடிகள் எதற்கு என்ற கேள்வி எழும். நீண்ட தடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அலைக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை அனைத்தும் ஒத்திசைந்து அலையை வெளியிடும்போது, மேலும் கீழும் வீணாகும் ஆற்றல் கிடைமட்டத் திசைக்குத் திருப்பப்படுகிறது. உருண்டையாக இருக்கும் சப்பாத்தி மாவைத் தேய்த்தால் மாவின் அளவு கூடாமலே பரப்பு அகல்வது போன்றதே இது. இவ்வாறு ஒரு திசையில் குவியும் மிகுதியை ஈட்டம் என்பர்; அதன் அலகு டெசிபெல். 3 டெசிபெல் கூடினால் அத்திசையில் செல்லும் ஆற்றல் இரு மடங்கு, 6 கூடினால் நான்கு மடங்கு.

ஈட்டத்தைக் குறிக்கும் எண்களை அப்படியே நம்புவதற்கில்லை. எல்லாத் திசைகளிலும் சமமாக ஒலிபரப்பும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டுச் சொல்வது டி.பி.ஐ.; அரை அலை நீளமுள்ள எளிய இருமுனை ஆன்டெனாவோடு ஒப்பிடுவது டி.பி.டி. இவ்விரண்டுக்கும் இடையே 2.15 டெசிபெல் வேறுபாடு இருப்பதால், ஒரே தடியை டி.பி.ஐ. அளவில் கூறினால் எண் பெரிதாகத் தோன்றும். எதனோடு ஒப்பிட்டது என்று கூறாமல் வெறும் டெசிபெல் என்று மட்டும் அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தால், அந்த எண்ணை விளம்பரமாகக் கொள்வதே முறை. குட்டையான தடி ஒன்றுக்கு மிகப் பெரிய ஈட்டம் கூறப்பட்டிருந்தாலும் ஐயம் கொள்ளலாம்; அலைக்கூறுகளை அடுக்குவதற்கு நீளம் வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

உண்மையாகவே ஈட்டம் மிகுந்த ஆன்டெனாவும் எங்கும் சிறந்ததாகிவிடாது என்பதற்குச் சிம்சன் பாலைவனம் நல்ல எடுத்துக்காட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் ஏறத்தாழ வடக்கு தெற்காக ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கும் இப்பாலையைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் வண்டி, மேட்டில் ஏறி இறங்கி மீண்டும் ஏறியபடியே செல்ல வேண்டும். மேட்டின் உச்சியில் எதிரே ஏறி வரும் வண்டி கடைசி நொடிவரை கண்ணுக்குப் படாது. அதற்காகவே உயரமான கம்பத்தில் கட்டிய செம்மஞ்சள் கொடியோடு வண்டிகள் செல்கின்றன. ஓட்டுநர்கள் தாம் இருக்கும் இடத்தையும் செல்லும் திசையையும் 10ஆம் சேனலில் அவ்வப்போது அறிவிக்கின்றனர். 9 டி.பி.ஐ. ஈட்டமுள்ள தடியில் ஆற்றல் மிக மெல்லிய கிடைமட்டப் பட்டையாகக் குவிந்திருக்கும். சமவெளியில் இது பெருநன்மை. மேட்டுச் சரிவில் வண்டி மூக்கைத் தூக்கி நிற்கும்போதோ, அந்தப் பட்டை முன்புறம் வானத்தையும் பின்புறம் மணலையும் நோக்கித் திரும்பிவிடுகிறது. ஈட்டம் குறைந்த 3 டி.பி.ஐ. தடியின் பட்டை தடித்தது. வண்டி எவ்வளவு சாய்ந்தாலும் அதில் ஒரு பகுதி எதிரே வருபவரை எட்டிவிடும். மலைப்பகுதிக்குக் குறைந்த ஈட்டம், நல்லார்பார் போன்ற வெட்டவெளிக்கு உயர்ந்த ஈட்டம், இரண்டும் கலந்த பயணத்துக்கு 6 டி.பி.ஐ. அளவு என்னும் நடைமுறை விதி இதிலிருந்தே பிறந்தது. அடிப்பாகத்தை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தடியை மட்டும் திருகி மாற்றும் வகைகள் கிடைப்பதால், குட்டைத் தடி ஒன்றும் நெட்டைத் தடி ஒன்றும் கொண்டு செல்வோரும் உண்டு. இந்த ஏற்பாடே அறிவுடையது.

யு.எச்.எஃப். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. நிலத்தின் வளைவும் இடையிலுள்ள மேடும் அதைத் தடுத்துவிடும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும்; இரு முனைகளின் விடைகளையும் கூட்டினால் பேச்சு எட்டக்கூடிய தூரம் தெரியும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கொண்ட இரு வண்டிகளுக்குச் சமதரையில் இது 10 கிலோமீட்டர் அளவே. அவற்றில் ஒன்று பேர்ட்ஸ்வில் ஊருக்கு அருகிலுள்ள சுமார் 40 மீட்டர் உயர ‘பிக் ரெட்’ மணல்மேட்டின் உச்சியில் ஏறிவிட்டால், இடையில் வேறு தடையில்லாத திசையில், அதே கருவியும் அதே தடியும் 30 கிலோமீட்டர் எட்டும். எந்தத் தடியாலும் வாங்கித் தர முடியாத தூரத்தை ஒரு மேடு இலவசமாகத் தருகிறது.

உயரத்தையும் உலோகப் பரப்பையும் மட்டும் கருதினால் வண்டியின் கூரை நடுவே சிறந்த இடம். அங்கு நான்கு பக்கமும் சமமாக உலோகம் இருப்பதால் எத்திசையிலும் அலை ஒரே சீராகப் பரவும். ஆனால் கூரையில் துளையிட வேண்டும், கேபிள் நீளும், மரக்கிளைகள் தாழ்ந்து தொங்கும் கேப் யார்க் தீபகற்பத்துக் காட்டுப் பாதைகளில் தடி முதல் நாளிலேயே முறியவும் கூடும். புல்பாரில் பொருத்தினால் இத்தொல்லைகள் குறைகின்றன. அதற்கு விலையாக, பின்னால் நிற்கும் வண்டியின் உலோகக் கூடு பின்திசை அலையை ஓரளவு மறைக்கிறது. வண்டிகள் அணியாகச் செல்லும்போது முதல் வண்டிக்கே இக்குறை மிகுதியாகத் தெரியும். பானெட்டின் ஓரத்திலோ மட்கார்டிலோ தாங்கி வைத்துப் பொருத்துவது இடைப்பட்ட வழி. எங்கே பொருத்தினாலும் தடி ஓட்டுநரின் பார்வைக் கோட்டில் நிற்கக்கூடாது. விளக்குப்பட்டைக்கு மிக அருகிலும் கூடாது, ஏனெனில் மலிவான எல்.இ.டி. விளக்குகளின் மின்சுற்று வானொலியில் இரைச்சலை ஏற்படுத்துவதுண்டு.

இடத்தை முடிவு செய்த பின்னரே ஆன்டெனாவின் வகையை முடிவு செய்ய வேண்டும். கால் அலை ஆன்டெனாவுக்கு அதன் அடியிலுள்ள உலோகப் பரப்பு மற்றொரு பாதியாகச் செயல்படுகிறது. இதைத் தரைத்தளம் என்பர். புல்பாரின் ஒல்லியான குழாயில் அப்பரப்பு இல்லை. ஆதலால் அங்கு, அந்த மற்றொரு பாதியைத் தன் உடலுக்குள்ளேயே கொண்ட தரைத்தளம் வேண்டாத வகையையே தேர வேண்டும். ஃபைபர் கிளாஸ் கூரைகொண்ட வண்டிகளுக்கும் இதுவே பொருந்தும். தரைத்தளம் தேவைப்படும் வகையைப் பொருத்துவோர், தாங்கி அமரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் தொடுமாறு செய்து, பின்னர் துருப்பிடிக்காதபடி பூச்சிட வேண்டும். பெயின்ட் பூசிய பரப்பின்மீது அப்படியே திருகிவிட்டு, கருவி கெட்டுவிட்டதென்று கடைக்குத் திரும்புவது அடிக்கடி நிகழ்வது.

கருவியையும் ஆன்டெனாவையும் இணைப்பது கோஆக்சியல் கேபிள்; நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோகப் பின்னலும் கொண்ட இதன் மின்மறுப்பு 50 ஓம். வாகனங்களில் பரவலாகக் காணப்படும் ஆர்.ஜி. 58 வகைக் கேபிள், இந்த அதிர்வெண்ணில் 5 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபெல்லை, அதாவது ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வெப்பமாக விழுங்கிவிடும். நீளத்தைக் குறைப்பதும், இழப்புக் குறைந்த கேபிளை வாங்குவதும் ஈட்டம் கூடிய தடியை வாங்குவதற்கு நிகரானவை. கேபிளைக் கூர்மையாக மடிக்காமலும், எஞ்சினின் சூடான பகுதிகளைத் தொடாமலும், தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

பொருத்தி முடித்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். எனப்படும் நிலையலை விகிதத்தை அளக்காமல் பேசத் தொடங்கக்கூடாது. அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதை இது காட்டும். விகிதம் 1.5 என்றால் திரும்புவது 4 விழுக்காடு, 2 என்றால் 11, 3 என்றால் 25. 1.5க்குக் கீழிருந்தால் நிறைவு. 3ஐ நெருங்கினால் இணைப்பியின் பற்றவைப்பிலோ, தரைத்தளத்திலோ, நசுங்கிய கேபிளிலோ பிழை இருக்கிறது. 27 மெகாஹெர்ட்ஸுக்கெனச் செய்யப்பட்ட மலிவான அளவி 477இல் பொய் சொல்லும் என்பதால் யு.எச்.எஃப். அளவியையே பயன்படுத்த வேண்டும்.

ஆன்டெனாவின் பெரும்பகைவன் அதிர்வு. உட்நடாட்டா, கிப் ரிவர் போன்ற மண்சாலைகளில் சக்கரங்கள் தட்டித் தட்டி உண்டாக்கும் வரிவரியான மேடுபள்ளங்கள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வண்டியை ஓயாமல் உலுக்குகின்றன. நீண்ட ஃபைபர் கிளாஸ் தடிக்கு அடியில் தடித்த ஸ்பிரிங் இருப்பது இதற்காகவே. மெல்லிய தகட்டுத் தாங்கி வெடிப்பு விட்டு முறிவதும், மறைகள் கழன்று தடி சாலையோரம் விழுவதும் அங்கே புதிதல்ல. மாலைதோறும் டயர்க் காற்றைப் பார்ப்பவர்கள் தாங்கியின் மறைகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கின்றனர்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் யு.எச்.எஃப். எட்டுவது அடிவானம் வரைதான். பெற்ற பேச்சை மீண்டும் ஒலிபரப்பும் ரிப்பீட்டர் மலையுச்சியில் நிறுவப்பட்டுள்ள இடங்களில் அது சற்று நீளும். அதற்கு அப்பாலுள்ளோரோடு பேச, வளிமண்டலத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும் குறுகிய அலையான எச்.எஃப். வானொலி வேண்டும். ஆல்ஃபிரெட் டிரேகர் 1929இல் காலால் மிதித்து இயக்கும் வானொலியைப் பண்ணை வீடுகளுக்குத் தந்து பறக்கும் மருத்துவர் சேவைக்குத் துணைநின்றது இவ்வலைவரிசையில்தான். 5 மெகாஹெர்ட்ஸில் கால் அலை என்பது 15 மீட்டர். அதை வண்டியில் நிறுத்த இயலாததால், தடியின் அடியில் கம்பிச்சுருள் வைத்து மின்னியல் முறையில் நீளத்தை ஈடுசெய்கின்றனர். அதிர்வெண்ணுக்கேற்பச் சுருளைத் தானே மாற்றிக்கொள்ளும் மோட்டார் ஆன்டெனாக்களும் உண்டு. அவை கனமானவை, விலையும் மிகுதி. செயற்கைக்கோள் தொலைபேசி வந்தபின் பயணிகள் பலர் எச்.எஃப். கருவியைக் கைவிட்டுவிட்டனர், ஆனால் புல்பாரின் யு.எச்.எஃப். தடியைக் கழற்றவில்லை. மேட்டின் மறுபக்கத்தில் ஏறி வருபவரின் தொலைபேசி எண் யாருக்கும் தெரியாது.