மஞ்சள் கோவையிலிருந்து வெளியேறியவர்கள் எத்தனை பேர்?

கிழக்கிலுள்ள ஒரு பாடசாலை, தனது ஆரம்பப் பிரிவின் உள்ளக மதிப்பீட்டுக்கு உதவியாக வருமாறு என்னை அழைத்திருந்தது. பொறுப்பாசிரியை பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று கோவைகளை மேசையில் அடுக்கினார். பெயர்ப்பட்டியல், நேரசூசி, அதிபரின் கையொப்பம், பரிகார வகுப்பு நடக்கும் புகைப்படங்கள். எதிலும் குறை சொல்ல இடமில்லை.

"மஞ்சள் கோவையில இருக்கிற புள்ளைகள்ல எத்தின பேர் இந்த வருசம் பச்சைக்கு வந்திருக்காங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தார். "அப்பிடி ஒண்டும் கணக்கெடுக்கல்ல சேர். போன வருசமும் இதே புள்ளைகள்தான்."

மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்று கோவைகளிலும் இல்லாத தகவல் அந்த ஒரு பதிலில் இருந்தது.

அந்த நிறங்கள் அமெரிக்கப் பாடசாலைகளில் புழங்கும் ஒரு முக்கோணப் படத்திலிருந்து வந்தவை. அடியில் பச்சை: வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் வழமையான கற்பித்தல். நடுவே மஞ்சள்: அது போதாத சிலருக்குச் சிறு குழுவில் மேலதிக உதவி. உச்சியில் சிவப்பு: அதுவும் போதாத மிகச் சிலருக்குத் தனியாள் உதவி. எண்ணத்தின் வேர் பொதுச் சுகாதாரத்தில் இருக்கிறது. நோய்த் தடுப்பின் மூன்று நிலைகளை உளநலத்துக்குப் பொருத்தி ஜெரால்ட் கப்லான் என்ற உளமருத்துவர் 1964இல் ஒரு நூல் எழுதினார். 1990களில் ஹில் வோக்கரும் சகாக்களும் அதைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார்கள். 2004இல் அமெரிக்க விசேட கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒரு பிள்ளை படுதோல்வி அடையும்வரை காத்திருந்து 'குறைபாடு' என முத்திரை குத்தும் பழைய வழக்கத்துக்கு மாற்றாக இந்த வழி பரவலாயிற்று.

நமக்குத் தெரிந்த டெங்குவை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். சூழலைச் சுத்தமாக வைப்பது ஊருக்கே. காய்ச்சல் கண்டவருக்கு இரத்தப் பரிசோதனை. சிலருக்கு மட்டும் ஆஸ்பத்திரி விடுதி. ஊரில் பாதிப்பேர் விடுதியில் படுத்திருந்தால் கட்டில் கூட்டுவதோடு நின்றுவிட முடியாது. வடிகானைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த முறையைப் பற்றி எழுதுபவர்கள் முதற்படியே ஏறத்தாழ நூற்றுக்கு 80 பேருக்குப் போதுமாக இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டாம் படி 15 பேருக்கு, மூன்றாம் படி 5 பேருக்கு. இது ஒரு வழிகாட்டிக் கணக்குத்தான், அல்லாஹ் விதித்த பங்கீடு அல்ல. ஆனாலும் உபயோகமான கணக்கு. தரம் 3இல் 36 பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்களில் 18 பேர் சரளமாக வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 18 பேரையும் பரிகார வகுப்புக்கு அனுப்பும் அதிபர் சுறுசுறுப்பானவராகத் தெரிவார். உண்மையில் வகுப்பறையின் பிரச்சினையை அவர் பிள்ளைகளின் தலையில் வைத்துவிட்டார். அங்கே முதலில் பார்க்க வேண்டியது காலைநேரத் தமிழ்ப் பாடத்தை.

பாடசாலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அளப்பதற்கும் படிவங்கள் உண்டு. நடத்தைசார் ஆதரவுக்கென உருவான டி.எஃப்.ஐ. என்ற படிவத்தில் 45 விடயங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 எனப் புள்ளி. ஒரு படியில் நூற்றுக்கு 70 கிடைத்தால் அந்தப் படி நடைமுறைக்கு வந்துவிட்டதாகக் கொள்வார்கள். அதில் எனக்குப் பிடித்தது புள்ளியல்ல. மதிப்பிடுபவர் பாடசாலைக்குள் நடந்துபோய், எதிர்ப்படும் சில ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு. கோவையில் இருப்பது பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அது நடக்கவில்லை என்றே பொருள்.

மேலதிக வகுப்பு வைத்துவிட்டாலே நன்மை வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 2015இல் அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 146 பாடசாலைகளை உள்ளடக்கிய ஆய்வொன்று வெளியானது. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றதால் மேலதிக உதவிக்கு அனுப்பப்பட்ட தரம் 1 பிள்ளைகள், சற்று மேலே நின்று தப்பியவர்களை விட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள்! பல பாடசாலைகளில் வழமையான வாசிப்புப் பாடம் நடக்கும் நேரத்திலேயே இந்த உதவியும் வழங்கப்பட்டிருந்தது. காரணம் அதுதான் என்று ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. எனினும், தமிழ்ப் பாடத்திலிருந்து பிள்ளையைக் கிளப்பிக்கொண்டுபோய் இன்னொரு மூலையில் தமிழ் படிப்பிக்கும் நமக்கு அது ஒரு எச்சரிக்கை.

நேரம் நமது பாடசாலைகளில் தனிச் சிக்கல். பாடசாலை விட்ட பிறகு பரிகார வகுப்பு என்று அறிவிப்பது இலகு. பின்னேரம் குர்ஆன் மத்ரஸா இருக்கிறது. பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஓதப் போக வேண்டும். எந்த உம்மாவும் ஓதலை விட்டுவிட்டு இதற்கு அனுப்ப மாட்டா, அனுப்பச் சொல்வதும் முறையல்ல. நோன்பு விடுமுறை இன்னொன்று. விடுமுறைக்கு முன் எடுத்த அளவீட்டையும் திறந்த முதல் வாரத்தில் எடுத்ததையும் ஒப்பிட்டு "உதவி பலனளிக்கவில்லை" என்று முடிவுகட்டினால் அது அநியாயம். திறந்து மூன்று வாரமாவது போகட்டும்.

எதை அளப்பது? ஒரு நிமிடத்தில் பிள்ளை பிழையின்றி வாசிக்கும் சொற்களை எண்ணுவது அங்கே வழக்கம். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி டீனோ வளர்த்தெடுத்த முறை அது. ஆனால் ஆங்கிலத்துக்கான இலக்கு எண்களைத் தமிழுக்குத் தூக்கிவர முடியாது. 'போய்க்கொண்டிருந்தார்களாம்' நமக்கு ஒரே சொல். ஒரே பாடசாலைக்குள், ஒரே பந்தியை வைத்து, எழுத்துகளை எண்ணிக்கொண்டால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். தொடர்ந்து நான்கு தடவை இலக்குக்குக் கீழே நின்றால், உதவியின் வகையை மாற்ற வேண்டும். பிள்ளையைத் திட்டிப் பிரயோசனமில்லை.

இது நமக்குப் புதிதே அல்ல. ஓதப்பள்ளியில் முஅல்லிம் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகப் பாடம் கேட்கிறார். இன்றைய பாடம் சரிவந்தால்தான் நாளைக்கு அடுத்தது. முப்பது பிள்ளைகள் முப்பது இடத்தில் நிற்பார்கள், யார் எங்கே நிற்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம். அவரிடம் கோவை கிடையாது. பிரம்பை விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் பகலில் எடுத்துவந்தால் நல்லது.

மீண்டும் அந்த மஞ்சள் கோவைக்கு வருகிறேன். இரண்டு பாடசாலைகளில் ஜனவரியிலும் எட்டுப் பேர், நவம்பரிலும் எட்டுப் பேர் என்று எடுத்துக்கொள்வோம். ஒன்றில் அதே எட்டுப் பேர். மற்றதில் ஐவர் வெளியேறி, புதிதாக ஐவர் வந்திருக்கிறார்கள். அறிக்கையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது பாடசாலையில் நடந்தது பிள்ளைகளைக் கடைசி வாங்கில் உட்கார்த்துவதற்கு ஒரு புதுப் பெயர் வைத்தது மட்டும். அந்த வாங்கிலிருந்துதான் தரம் 8, 9 வரும்போது பையன்கள் கடையில் நிற்கப் போகிறார்கள்.

நாங்கள் அன்று செய்தது சின்ன வேலை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'சேர்ந்த திகதி', 'வெளியேறிய திகதி' என இரண்டு நிரல் கீறினோம். பிறகு ஒன்பது பிள்ளைகளையும் ஒவ்வொருவராக வாசிக்கக் கேட்டோம். இரண்டு வருடமாகப் பட்டியலில் இருந்த ஒரு பையனுக்கு மெய்யெழுத்து, அகரம் எல்லாம் தண்ணீர்பட்டபாடு. ஒற்றைக் கொம்பிலும் இரட்டைக் கொம்பிலும்தான் தடுமாறினான். அவனுக்கு இரண்டு வருடமாகப் படிப்பித்தது 'அ'விலிருந்து! ஒரு பிள்ளை மட்டும் எழுத்தையே அடையாளம் காணவில்லை. அவள் முதல் வருடமே சிவப்புக்குப் போயிருக்க வேண்டியவள்.

அடுத்த தவணை போனபோது நால்வரின் பெயருக்கு எதிரே வெளியேறிய திகதி இருந்தது. கொம்புப் பையன் அவர்களில் ஒருவன். வெளியேறிய இன்னொருவன் திரும்பி வந்திருந்தான். "இத அழிச்சிரவா சேர்?" என்று டீச்சர் கேட்டார். அழிக்க வேண்டாம் என்றேன். அந்தப் பெண்பிள்ளையின் செவிப்புலனைப் பரிசோதிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிய கடிதத்துக்கு மறுமொழி வரவில்லை. உம்மா சவூதியில். வியாழக்கிழமை உம்மம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறாவாம்.