முற்றத்தில் பாடிய முராய் எங்கே?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களிடம் ஒரு கேள்வி. பெரட்டு மணி அடிப்பதற்கு முன்பே நம்மை எழுப்பிவிட்டது எது? சேவல் என்பீர்கள். சற்றே நினைத்துப் பாருங்கள். சேவலுக்கும் முந்தி, இருள் பிரியாத வேளையில், கொய்யா மரத்து உச்சியிலிருந்து ஒரு சீழ்க்கை கேட்கும். ஒரு முறை பாடியதை மறு முறை பாடாமல், ஏற்றி இறக்கி, இழுத்து நிறுத்திப் பாடும். அதுதான் முராய்.

கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்திக்கொண்டு முற்றத்தில் தத்தித் திரியும் சின்னக் குருவி அது. நம் முன்னோர் வந்த நாட்டில் அதற்குக் குண்டுக்கரிச்சான் என்றும் வண்ணாத்திக் குருவி என்றும் பெயர். மலாய்க்காரர்கள் முராய் கம்போங் என்பார்கள். பெயரிலேயே மனிதர் வாழும் ஊர் இருக்கிறது. அவ்வளவு நெருங்கிய அண்டை வீட்டுக்காரன் அது.

இப்போது உங்கள் லயத்தில் அது பாடுகிறதா? கடைசியாக எப்போது கேட்டீர்கள்? நான் பணியாற்றும் தோட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் நாள் சொல்லத் தெரியவில்லை. ஒரு பறவை மறைவதில் இதுதான் கொடுமை. அது போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை.

நானும் குற்றவாளிதான்

பிறருக்குப் புத்தி சொல்லும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் லயத்துப் பிள்ளைதான். அப்பா பால் மரம் வெட்டினார். அம்மா வெளிக்காட்டு வேலை. எங்கள் காலத்துப் பையன்களின் காற்சட்டைப் பையில் புத்தகப் பென்சில் இருந்ததோ இல்லையோ, லாஸ்டிக் இருக்கும். கொய்யாக் கவட்டையை வெட்டி, நெருப்பில் வாட்டி, பழைய சைக்கிள் டியூப்பைக் கட்டினால் ஆயுதம் தயார். புள்ளிப்புறா, பச்சைப்புறா, அல்லூர் ஓரத்துக் கானாங்கோழி, எதையும் விட்டதில்லை. மாதக் கடைசியில் கறிக்கு வழியில்லாத வீட்டில் இரண்டு புறா விழுந்தால் அன்றைக்கு விருந்துதான். அதை நான் இன்றும் குற்றம் என்று சொல்லமாட்டேன். பசி வேறு, விளையாட்டு வேறு.

ஆனால் பதினொரு வயதில் ஒரு நாள் பசியில்லாமல் அடித்தேன். குறி பார்க்கும் ஆசையில் ஒரு முராயை வீழ்த்தி, வீரனைப் போல அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, “இதுல என்னடா இருக்கு திங்க? கட்டை விரல் தண்டி கறிகூட இல்லையே. காலையில பாடிக்கிட்டு இருந்ததை இப்படிப் பண்ணிட்டியே” என்றார். திட்டவில்லை, அடிக்கவில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு சிறு குழி தோண்டிப் புதைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதன் சோடி இரண்டு நாள் அந்தக் கொய்யா மரத்துக்கு வந்து வந்து போயிற்று. மூன்றாம் நாள் வரவில்லை.

கூண்டுக்குப் போகும் பாட்டு

லாஸ்டிக் கல்லால் விழுந்தவை சில. இன்று நடப்பது அதைவிடப் பெரிய வேட்டை. இறைச்சிக்காக அல்ல, பாட்டுக்காக.

முராயை எப்படிப் பிடிக்கிறார்கள் தெரியுமா? அதன் குணத்தை வைத்தே பிடிக்கிறார்கள். ஆண் முராய் ஓர் இடத்தைத் தனக்கென்று வளைத்துக்கொள்ளும். வேறொரு முராய் அங்கே வந்து பாடினால் பொறுக்காது, விரட்ட ஓடிவரும். இதை அறிந்தவர்கள் கூண்டில் ஒரு முராயை வைத்தோ, கைப்பேசியில் பதிந்த பாட்டை ஒலிக்கவிட்டோ, அருகில் பிசின் தடவிய குச்சியையோ மெல்லிய வலையையோ வைத்துவிடுகிறார்கள். தன் வீட்டைக் காக்க வந்தவன் அகப்பட்டுக்கொள்கிறான். கூட்டில் மூன்று நான்கு முட்டையோடு இருக்கும் பெட்டை தனித்து நிற்கிறது. ஆக, பிடித்தது ஒன்று. போனது ஒரு குடும்பம்.

பிடித்த குருவிகள் எங்கே போகின்றன? பாட்டுப் பறவைகளைக் கூண்டில் வளர்ப்பதும் போட்டிக்கு விடுவதும் நம் வட்டாரத்தில் நெடுங்கால வழக்கம். இந்தோனேசியாவில் அந்த மோகம் மிகப் பெரிது. அங்கே காட்டில் குறைந்துவிட்டதால் இங்கிருந்து கள்ளத்தனமாகப் படகேற்றுகிறார்கள். வனவிலங்கு வாணிபத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் என்னும் அமைப்பு கணக்கெடுத்தபோது, 2015 முதல் 2020 வரையிலான ஆறு ஆண்டுகளில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் வட்டாரத்தில் அதிகாரிகள் கைப்பற்றிய முராய்கள் மட்டும் 26,000க்கும் மேல். அகப்பட்டது இவ்வளவு என்றால் அகப்படாமல் போனது எவ்வளவு?

இது ஒரு குருவியின் கதையல்ல. ஆற்றோரப் புதர்களில் சோடி சோடியாகப் பாடும் பாராவ் பாராவைப் பெரியவர்கள் அறிவார்கள். வைக்கோல் நிறத் தலையும் குடம் நிறைந்தாற்போன்ற குரலும் கொண்டது. தாய்லாந்துக் காடுகளிலும் ஜாவாக் காடுகளிலும் அது இன்று இல்லை. பிடித்தே தீர்த்துவிட்டார்கள். 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ‘மிக அருகி அழியும் நிலை’ என்ற பட்டியலில் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், இன்று அது நம்பிக்கையோடு வாழும் இடங்களில் ஒன்று, மாடிக் கட்டடங்கள் நிறைந்த சிங்கப்பூர். அதிலும் உபின் தீவு. காடு நிறைந்த இடங்களில் மறைந்த பறவை நகரத்தின் ஓரத்தில் பிழைத்திருக்கிறது. காவல் இருந்தால் பறவை இருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

முராய்க்கும் அங்கே அப்படித்தான் நடந்தது. 1970களில் சிங்கப்பூரில் அது அரிதாகிப்போனது. 1980களில் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். இன்று பல பூங்காக்களில் பாடுகிறது. போனது திரும்பி வரும், முழுவதும் போகாதிருந்தால்.

பறவையால் நமக்கென்ன?

“பறவை போனால் போகட்டும், அரிசி விலையை யோசிப்போம்” என்பவர்களுக்கும் என்னிடம் பதில் உண்டு.

2008இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். சபாவில் செம்பனைக் கன்றுகள் சிலவற்றைப் பறவைகள் அண்ட முடியாதபடி வலையால் மூடினார்கள். சிலவற்றைத் திறந்தே விட்டார்கள். மூடிய கன்றுகளின் இலைகளைப் பூச்சிகள் கூடுதலாகத் தின்றிருந்தன. கூலி கேட்காமல், விடுப்பு எடுக்காமல் நம் தோட்டத்தில் வேலை செய்யும் ஆட்கள் இந்தப் பறவைகள்.

அடுத்து, நாம் சாக்குருவி என்று சொல்லிக் கல்லெறிந்து விரட்டும் கூகை. வெள்ளை முகமும் அலறும் குரலும் நமக்குப் பயம். ஆனால் அது நம் வீட்டுக்கு எமனல்ல, எலிக்குத்தான் எமன். ஒரு காலத்தில் தீபகற்பத்தில் இந்தக் கூகை மிக அரிது. 1960களின் இறுதியில் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது குஞ்சு பொரித்ததைக் கண்டார்கள். செம்பனைக் குலையைக் கடிக்கும் எலிகளைத் தேடி அது பெருகிற்று. ஒரு சோடிக் கூகையும் அதன் குஞ்சுகளும் ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் தோட்டங்களில் கம்பம் நட்டு அதற்குப் பெட்டி வைக்கிறார்கள். எலி குறைந்தால் குலை மிஞ்சும். எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சலும் குறையும். பழம் பொறுக்குகிற, புல் வெட்டுகிற நம் பெண்களின் கால்தான் முதலில் அந்தச் சேற்றில் படுகிறது என்பதை மறக்கலாமா? 1980களில் கடுமையான எலி நஞ்சைப் போட்டபோது நஞ்சு தின்ற எலியைத் தின்ற கூகைகளும் மடிந்தன. நஞ்சு வைத்தால் எலிக்குப் பகையானதும் எலியோடு சேர்ந்தே போகிறது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பறவை குறைந்ததற்கு வேட்டை மட்டும் காரணமல்ல. காட்டை அழித்தார்கள், பால் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். அது நம் கையில் இல்லை. ஆனால் நம் முற்றத்துக் கொய்யா மரம் நம் கையில் இருக்கிறது. நம் பிள்ளையின் பையிலிருக்கும் லாஸ்டிக் நம் கையில் இருக்கிறது.

சட்டமும் சும்மா இல்லை

தெரியாமல் செய்தேன் என்றால் சட்டம் விடாது. தீபகற்ப மலேசியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அதன் கூட்டையும் முட்டையையும் எடுப்பதும் குற்றமே. 2022இல் அந்தச் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. பெரிய குற்றங்களுக்கு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரையும் சிறை 15 ஆண்டு வரையும் போகலாம். காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். பட்டணத்து வியாபாரி தப்பித்துக்கொள்வான். கண்ணி வைத்த நம் வீட்டுப் பையன்தான் மாட்டிக்கொள்வான். பெற்றோர்களே, இதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பையன்

இனி என் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவன். பெயர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை புதுக் காலணியோடு வந்தான். அதற்கு முன் அவனுடைய காலணியில் பெருவிரல் வெளியே தெரியும். “அப்பா வாங்கிக் கொடுத்தாரா?” என்று கேட்டேன். “இல்ல சார், முராய் பிடிச்சுக் கொடுத்தேன்” என்றான் பெருமையாக. பலாப்பாலைக் காய்ச்சிக் குச்சியில் தடவுவதை யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பட்டணத்திலிருந்து ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிப் போகிறாராம்.

வாசகர்களே, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தன் தசையையே கொடுத்த கதையை அதே வகுப்பில் நடத்தியவன் நான். ஆனால் சக்கரவர்த்தியின் காலில் கிழிந்த காலணி இருந்ததில்லை. பையனைக் கண்டிக்க எனக்கு நா எழவில்லை. அவன் காலணி கிழிந்திருந்ததை நான் ஓராண்டாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்?

மறுவாரம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வகுப்பில் வைத்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மணியடிப்பதற்கு முன் கால் மணி நேரம் திடலோரம் நின்று, பார்த்த பறவையையும் கேட்ட பறவையையும் எழுத வேண்டும். மைனா எத்தனை, புள்ளிப்புறா எத்தனை, முராய் எத்தனை என்று கணக்கு. அந்தப் பையனையே தலைவனாக்கினேன். ஏனென்றால் எல்லாக் குரலும் அவனுக்குத்தான் தெரியும். வேட்டைக்காரனைவிடப் பறவையை அறிந்தவன் யார்?

மைனா பத்து, பன்னிரண்டு என்று வந்தது. முராய்க்கு நேரே முதல் வாரம் பூஜ்யம். இரண்டாம் வாரம் பூஜ்யம். ஐந்தாம் வாரமும் பூஜ்யம் போட்டபோது அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். “சார், நான் பிடிச்சதுதான் கடைசியா இருக்குமோ?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கொய்யா மரம் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு அவன் பிசின் காய்ச்சவில்லை. மோட்டார் சைக்கிள்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனதாக அவன் தந்தை சொன்னார். “பொய்யில்ல சார், வர்ற காசு வேணாம்னு சொல்ல மனசு கேக்கல. பையன்தான் முடியாதுன்னுட்டான்” என்றார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசி, பள்ளி திறக்கும்போது காலணி இல்லாத பிள்ளைகளுக்கு அதை வாங்கித் தர ஒரு சிறு நிதி ஒதுக்கினோம். பறவையைக் காப்பாற்றச் சட்டம் மட்டும் போதாது, காலணியும் வேண்டியிருக்கிறது.

நம்மால் முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி என்ற சிற்றூர்கள் இருக்கின்றன. அவ்வட்டாரக் கண்மாய்களுக்கு ஆண்டுதோறும் பறவைகள் வந்து கூடு கட்டும். 1977இல் அது சரணாலயமாயிற்று. அந்த ஊர் மக்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அவர்களும் நம்மைப்போல ஏழை எளிய உழைப்பாளிகள்தாம். நம்மில் சிலருடைய பாட்டன்மார் கப்பலேறியது அந்தச் சீமையிலிருந்துதான்.

ஆகவே தாய்மார்களே, பிள்ளையின் பையைப் பாருங்கள். லாஸ்டிக் இருந்தால் வாங்கி வையுங்கள். அடிக்காதீர்கள், காரணம் சொல்லுங்கள். தகப்பன்மார்களே, கூகைப் பெட்டிக்குக் கல்லெறிபவரைத் தடுங்கள். வீட்டோரம் ஒரு கொய்யாவோ ஜம்புவோ நடுங்கள். கூடு கண்டால் கண்டதாகவே காட்டிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை அந்தப் பையன் மூச்சிரைக்க ஓடிவந்தான். நோட்டுப் புத்தகத்தில் முராய்க்கு நேரே பெரிதாக ‘1’ என்று எழுதினான். மறுநாள் விடியுமுன் நானும் போய் நின்று கேட்டேன். பாடிற்று. எந்த மரத்திலா? மன்னிக்க வேண்டும், அதை மட்டும் எழுதமாட்டேன்.